வெட்டிய ஓரங்கள்

அத்தியாயம் 9

கம்ப்யூட்டர் இன்னும் சுந்தரேசனைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

'உங்கள் சந்தா முடிந்துவிட்டது, சுந்தரேசன். புதுப்பித்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.' திரையின் நடுவில் ஒரு பெட்டி, ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகச் சொன்னது.

கல்பகம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள். விட்ட இடம் எது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கணவரின் முதல் வருஷாப்திகம். பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சுந்தரேசன். ஆனால் அவர் வாழ்ந்தது கேமராவோடுதான். அவர் போனபின் வங்கிக் கணக்கை மூடினார்கள், கார்டும் போயிற்று. படங்களைத் திருத்த அவர் மாதச் சந்தா கட்டி வைத்திருந்த மென்பொருளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பழைய படங்களைத் திறந்து பார்க்கலாம். எதையும் தொட்டு மாற்ற முடியாது.

விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அவர் படங்களில் ஒரு சின்ன ஆல்பம் போட வேண்டும் என்பது மகள் சுஷ்மாவின் ஆசை. அச்சுக்கடைக்காரர் இன்று சாயங்காலத்துக்குள் படங்களைக் கேட்டிருந்தார்.

வெளியே தூறல். மாரெட்பள்ளித் தெருமுனையில் போனாலுத் திருவிழாப் பந்தலுக்குத் தகரம் அடிக்கிற சத்தம் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது.

கல்பகம் எழுந்து ஹாலுக்குப் போனாள். தினமும் செய்கிற முதல் வேலை சுவரில் மாட்டிய படங்களைத் துடைப்பது. கடைசியாக அந்தச் சிறுமியின் படம். ஏரிக்கரையில் உட்கார்ந்து சுட்ட மக்காச்சோளத்தைக் கடிக்கிற நாலைந்து வயதுப் பெண். ஒரு பக்கக் கன்னத்தில் பால்போல வெளிச்சம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுந்தரேசன் இதைப் பெரிதாக அச்சிட்டு, யாரையும் கேட்காமல், டீவிக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

"யாரு இது?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"ஷாமீர்பேட் ஏரியில பாத்தேன். நன்னா இருக்கா இல்லையா?"

நன்றாகத்தான் இருந்தாள். கல்பகம் அவளுக்கு சோளக்குட்டி என்று பெயர் வைத்திருந்தாள். அவர் போனபின், வேறு யாரோடும் பேசத் தோன்றாத காலைகளில், துணியால் அந்தக் கன்னத்தைத் துடைத்தபடி ஒரு வார்த்தை சொல்வதுண்டு. "பல்லுல மாட்டிண்டிருக்கு பாரு, துடைச்சுக்கோ" என்றோ, "இன்னிக்கும் மழைதான்" என்றோ.

"அம்மா."

சுஷ்மா ஈரக்குடையோடு வாசலில் நின்றாள். மெட்டுகுடாவிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றதில் ஏதோ சொல்லத் தயங்குகிறாள் என்று கல்பகத்துக்குப் புரிந்துவிட்டது.

"அச்சு மறுபடியும் மெசேஜ் போட்டிருக்காம்மா. ஞாயித்துக்கிழமை வரலாமான்னு கேக்கறான். ஸ்ராத்தம் தான் பண்ணணும்னு இருக்கு அவனுக்கு."

அச்யுத். வீட்டில் அச்சு என்று கூப்பிடுகிற மூத்த பிள்ளை. ஸ்ரீலதாவைக் கல்யாணம் செய்துகொண்டவன். முதல் கல்யாணம் முறிந்து, கைக்குழந்தையோடு இருந்த தெலுங்குப் பெண். அன்றைக்கு சுந்தரேசன் இதே ஹாலில் நின்று கத்தினார். "இனிமே அவன் என் மூஞ்சியில முழிக்கக் கூடாது." ஆறு வருஷமாக அவன் முழிக்கவில்லை. அல்வாலில், ஒரு ஆட்டோ தூரத்தில்தான் இருக்கிறான். போன வருஷம் மயானத்து வாசல்வரை வந்தவனைக் கல்பகம்தான் உள்ளே விடவில்லை. சுந்தரேசனின் தம்பி செல்லப்பா சென்னையிலிருந்து வந்து கொள்ளி போட்டார். 'அவர் வாக்கு' என்று அவள் அன்றைக்குச் சொன்ன இரண்டு வார்த்தைக்கு எதிரே யாரும் வாயைத் திறக்கவில்லை.

"சித்தப்பா டிக்கெட் எடுத்தாச்சு. அவரே பண்ணுவார்."

"அவன் புள்ளைம்மா."

"அவர் இருந்திருந்தா வரச் சொல்லியிருப்பாரா? சொல்லு."

சுஷ்மா குடையை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள்.

"வேண்டாம்னு போடு. இப்பவே போடு, என் முன்னாடி."

சுஷ்மா போட்டாள். கல்பகம் அடுப்படிக்குப் போனாள்.  ஒரு வாக்கைக் காப்பாற்றுவதில் ஒரு பிடிமானம் இருந்தது. அவர் விட்டுப்போன பொருள்களில் அவள் கையால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். கேமராவை அவளுக்கு இயக்கத் தெரியாது.

மாப்பிள்ளை சுதர்சன் வரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அமீர்பேட்டில் சாப்ட்வேர் பாடம் நடத்துகிறவன். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"ரோடெல்லாம் பந்தல், மாமி. போலீஸ்காரன்கிட்ட கைக்கு பாய், ஏன் இப்படின்னு கேட்டா, எதிர்ச்சந்துல போன்னு கைகாட்டறான். எதிர்ச்சந்துல பாத்தா ஒரு எருமை படுத்துண்டிருக்கு."

"தலையைத் துவட்டிக்கோங்கோ முதல்ல. காபி கலக்கறேன்."

காபி வந்ததும் அவன் வகுப்பறைக் குரலுக்கு மாறினான். காற்றில் கரும்பலகை இருப்பதுபோல விரலால் கோடு போட்டான்.

"மாமி, சந்தா இல்லாததா மூணு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு, ஒரே தடவை வாங்கிட்டா ஜன்மத்துக்கும் உங்களது. படம் திருத்தறதுல ராஜா. ஆனா எந்தப் படம் எங்க இருக்குன்னு நீங்கதான் ஞாபகம் வச்சுக்கணும். ரெண்டாவது, முழுக்க இலவசம். கத்துண்டு முடிக்கறதுக்குள்ள எனக்கே நரைச்சுடும். மூணாவதும் ஒரே தடவைதான். திருத்தறது சுமார். அடுக்கறதுல கெட்டி. தேதி, ஊர், முகம்னு தானே பிரிச்சு வச்சுடும். பதினஞ்சு நாள் சும்மா பாக்க விடறான்."

"முகமா?"

"ஒருத்தர் முகம் எந்தெந்தப் படத்துல இருக்கோ அத்தனையும் ஒரே எடத்துல சேத்துடும். கீழே பேர் எழுதக் கட்டம் இருக்கும். நாம பேர் போட்டா போறும்."

"அதெல்லாம் நக்கோ, வேண்டாம்," என்றாள் சுஷ்மா, தேவையைவிட வேகமாக. "யார் யார்னு நமக்குத் தெரியாதா? பழையதையே புதுப்பிச்சுடலாம். என் கார்டைப் போட்டுக்கோங்கோ."

"மாசா மாசம் கட்டிண்டே இருப்பியா? எதுக்குடி?"

"அப்பாவோடது அப்படியே இருக்கட்டுமேம்மா."

கல்பகம் திரையைப் பார்த்தாள். அந்தப் பெட்டி இன்னும் இருந்தது. 'சுந்தரேசன்' என்று இன்னும் அழைத்தது. மாதா மாதம் யாரோ ஒருவர் இறந்துபோனவரின் பெயரால் 'ஆமாம், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவளால் அது ஆகாது.

"மூணாவதையே போடுங்கோ மாப்பிள்ளை. எனக்குத் திருத்தத் தெரியாது. பாக்கத்தான் வேணும். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடாம இருந்தா போறும்."

"பழைய படத்துக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதே?" என்றாள் சுஷ்மா.

"ஃபைல் எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருக்கு, சுஷ். மென்பொருள்ங்கறது வெறும் அலமாரி. அலமாரி மாத்தினா புடவை கிழியுமா?"

படங்களை அது ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டது. சாப்பாடு முடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. மழை வலுத்தது. மத்தியானம் சுதர்சன் கூப்பிட்டபோது கல்பகம் ஈரக்கையோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் படத்தைப் பார்த்ததுமே ஏதோ தப்பு என்று தெரிந்தது.

சார்மினார் எதிரே புறாக்களுக்குத் தானியம் போடுகிற கிழவர். புகைப்படக் கிளப் போட்டியில் பரிசு வாங்கிய படம். அதன் ஆழ்ந்த கறுப்பும் புகைபோன்ற வெள்ளையும் அவளுக்கு மனப்பாடம். இங்கே கிழவர் சாயம்போன நீலச் சட்டையில், மத்தியான வெயிலில், சாதாரணமாக நின்றார். இடது ஓரத்தில் ஒரு வெள்ளைத் தெர்மகோல் போர்டு. அதைப் பிடித்த கை. மாம்பழக் கலர் புடவை.

"இது அவர் படமில்லை," என்றாள்.

சுதர்சன் அடுத்ததைத் திறந்தான். கோல்கொண்டாப் படிக்கட்டு. ஓரத்தில் அவள் முழங்கை. மூசி நதிப் பாலம். கீழே அவள் நிழல், தலைக்கு மேல் போர்டைத் தூக்கியபடி. பூக்காரி, வளையல் கடை, சைக்கிள் ரிக்‌ஷா. எல்லாவற்றின் ஓரத்திலும் அவள். ஒரு செருப்பு. ஒரு தோள். காற்றில் பறக்கிற தலைப்பு.

ஞாயிறு காலைகளில் அவரோடு போய் வெளிச்சத்தைத் திருப்பிப் போடப் போர்டு பிடிப்பது அவள் வேலை. "கொஞ்சம் சாய்ச்சுக்கோ. இன்னும். போறும்." அந்த நாலு வார்த்தைகளில் எத்தனையோ ஞாயிறுகள் போயின. அச்சாகி வரும் படத்தில் அவள் இருக்கமாட்டாள். அதை அவள் ஒருபோதும் குறையாக நினைத்ததில்லை. இப்போது வரிசையாகப் பார்க்கும்போதுதான், எத்தனை இடங்களிலிருந்து தன்னை நீக்கியிருக்கிறார் என்று தெரிந்தது. 

பேசாமல் பழைய மென்பொருளையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த சுதர்சன் நெற்றியைத் தேய்த்தான்.

"ஸாரி, மாமி. அலமாரி புடவைன்னு நான் உளறினது தப்பு. மாமா படத்தை எதுவுமே பண்ணலை. அசல் அப்படியே இருக்கு. 'இங்கேருந்து இங்க வரைக்கும் காட்டு, இதைக் கறுப்பாக்கிக் காட்டு'ன்னு பழைய மென்பொருள்கிட்ட சொல்லி வச்சிருக்கார், அவ்வளவுதான். அது சொல்றது இதுக்குப் புரியலை. மாமாவோட திருத்தம் வேணும்னா, பழையதுலேருந்து ஒவ்வொண்ணா முடிஞ்ச படமா வெளியே எடுத்துட்டு அப்புறம் இங்க கொண்டு வரணும். சந்தா முடிஞ்சாலும் பார்க்க விடறான், எடுக்கவும் விடறான். இன்னிக்கே எடுத்துடறேன்."

"அப்ப அவர் என்னை வெட்டலையா?"

"இல்லை மாமி. மறைச்சு வச்சிருக்கார்."

அவள் ஒரு படத்தை நிறுத்தச் சொன்னாள். வளையல் கடை. ஓரத்தில் போர்டைப் பிடித்தபடி அவள் முகம் பாதி தெரிந்தது. கடைக்காரியைப் பார்க்காமல் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரித்தது அவளுக்கு ஞாபகமில்லை.

"முகமெல்லாம் பிரிச்சுடுத்து, பாருங்கோ."

வட்ட வட்டமாக முகங்கள். சுஷ்மா. செல்லப்பா. கல்பகம், பெரும்பாலும் பாதி முகமாக. ஒவ்வொன்றின் கீழும் பெயர் கேட்டு ஒரு காலிக் கட்டம். சுதர்சன் பெயர்களை அடித்துக்கொண்டே வந்தான். நாலாவது வட்டத்தில் சோளக்குட்டி.

"அட, நம்ம ஹால்ல இருக்கறவ. இவ பேர் என்ன மாமி?"

"பேரா? ஏரிக்கரையில பாத்த பொண்ணுன்னார். ஒரே ஒரு படம்தானே."

"ஒண்ணு இல்லையே. நிறைய இருக்கு."

வட்டத்தை அழுத்தினான். திரை நிரம்பியது. ஊஞ்சலில் சோளக்குட்டி. இன்னும் சிறியவளாக, யாருடைய செருப்பிலோ காலை நுழைத்து. முன்பல் விழுந்து. பள்ளிச் சீருடையில், முதுகைவிடப் பெரிய பையோடு. ஏரியில் பார்த்த பெண் இல்லை இவள். வளர்வதை ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

பின்னால் நின்ற சுஷ்மா சமையலறைப் பக்கம் நகர்ந்தது கல்பகத்துக்குத் தெரிந்தது.

"அந்தச் சோளப் படத்தைத் திறங்கோ."

ஹாலில் மாட்டிய படம்தான். ஆனால் முழுசாக. ஏரி இன்னும் அகலமாக இருந்தது. குழந்தையின் இடப்பக்கம் தெர்மகோல் போர்டு, அதைப் பிடித்த கை. அவளுக்கு முட்டிவலி வந்தபின் அவர் தனியாகத்தான் போய் வந்தார். அப்போதெல்லாம் போர்டை யார் பிடித்தார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவே தோன்றவில்லை.

ஆண் கை. சுருட்டிய முழுக்கைச் சட்டை. கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் திரும்பியிருந்தது.

"மணி பாக்கறதுக்குப் பிச்சை வாங்கறாப்ல கையை நீட்டறான் பாரு உன் புள்ளை," என்று சுந்தரேசன் கேலி செய்வார். பத்தாவது படிக்கும்போது கட்டிக்கொடுத்த முதல் கடிகாரத்திலிருந்து அச்யுத் அப்படித்தான் கட்டுவான்.

தகரம் அடிக்கிற சத்தம் நின்றிருந்தது. மழைதான் கேட்டது.

"சுஷ்மா. இங்க வா."

வந்தாள். திரையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை என்பது கல்பகத்துக்குப் புரிந்தது.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"அப்பா ஐசியூலேருந்து வார்டுக்கு வந்த அன்னிக்கும்மா. நீ காபி வாங்கக் கீழே போயிருந்தே. 'நான் அச்சுவைப் பாத்துண்டுதான் இருக்கேன், அம்மாகிட்ட சொல்லாதே'ன்னார்."

"ஏன் சொல்லக் கூடாது?"

சுஷ்மா கணவனைப் பார்த்தாள். அவன் எழுந்து வராந்தாவுக்குப் போனான்.

"சொல்லுடி."

"'நான் ஏதோ ஒரு நாள் கத்தினேன், அப்பவே விட்டுட்டேன். அவளுக்குத்தான் ஆறலை. வீட்டுல அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடறா. அவளா மனசு மாறட்டும், அவசரப்படுத்தாதே'ன்னார்."

கல்பகம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அச்யுத் பேச்சு வந்தால் அவள் எழுந்து போனது உண்மை. அவருக்கு மறுபடி ரத்த அழுத்தம் ஏறக்கூடாதே என்று எழுந்து போனாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் மனசு மாறட்டும் என்று அவள் காத்திருந்தாள். ஒரே கட்டிலில், ஒரே மின்விசிறியின் கீழே, ஒருவருக்காக ஒருவர் காத்திருந்திருக்கிறார்கள். யாரும் கதவைப் பூட்டவில்லை. பூட்டியிருக்கிறது என்று இருவரும் நம்பிவிட்டார்கள்.

அல்லது அவர் சொன்னதுதான் சரியோ? ஆறாதது தனக்குத்தானோ? இத்தனை வருஷத்தில் ஸ்ரீலதாவின் அந்தக் குழந்தையின் பெயரை ஒருமுறையாவது கேட்டிருக்கிறாளா? 'அந்தக் குழந்தை' என்றுதான் மனதிலும் சொல்லிக்கொண்டாள். வேறொருவன் குழந்தை. அந்த நினைப்பு சுந்தரேசனுடையது என்று இவ்வளவு நாள் அவர் தலையில் வைத்திருந்தாள்.

"போன வருஷமே ஏன் சொல்லலை? அன்னிக்கு, அங்க வச்சு?"

"எப்படிம்மா சொல்றது? நீ 'அவர் வாக்கு'ன்னு நின்னுண்டிருந்தே. அப்பா உன்கிட்ட மறைச்சார்னு அந்த எடத்துல வச்சு நான் சொல்லணுமா? அதைவிட்டா உன்கிட்ட வேற எதுவும் இல்லாத மாதிரி நின்னே. பயமா இருந்தது."

"ஹால்ல கொண்டுவந்து மாட்டினாரே..."

"பாத்துப் பாத்துப் பழகட்டும்னு நினைச்சிருப்பார்." சுஷ்மா அழுதாள். "பழகிட்டியேம்மா. தினம் பேசறியே அவளோட."

வராந்தாவிலிருந்து சுதர்சன் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தான். கையில் போன்.

"மாமி, அச்சுக்கடைக்காரர் லைன்ல இருக்கார். மத்ததெல்லாம் மாமா திருத்தினபடி எடுத்துத் தரேன்னுட்டேன். அந்தச் சோளப் படத்தை ஓரம் வெட்டி அனுப்பவா?"

"வேண்டாம். கை தெரியட்டும்."

அவன் போனான். கல்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காலம்பர போட்டியே, வேண்டாம்னு. பாத்துட்டானா?"

"உடனே பாத்துட்டான்."

"என்ன எழுதினான்?"

"'சரி'ன்னு. அவ்வளவுதான்."

"நம்பரைப் போட்டுக் கொடு."

"நான் முதல்ல பேசட்டுமா?"

"கொடுடி."

மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. ஆறு வருஷத்துக்கு முன் அழித்துவிட்ட எண். எடுக்கமாட்டான். ஏன் எடுக்க வேண்டும்? மயான வாசலில் குனிந்த தலையோடு நின்றவன், அவள் கார் கடந்துபோகும்போது நிமிர்ந்து பார்த்தான். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். எடுத்தால் என்ன சொல்வது? வா என்றா? காலையில் வேண்டாம் என்ற அதே வாயாலா? வைத்துவிடலாம் என்று நினைத்த நொடியில் அடிப்பது நின்றது.

"ஹலோ?"

சின்னக் குரல். மூச்சு வாங்கியது. ஓடிவந்து எடுத்திருக்க வேண்டும்.

"அச்யுத்..." என்றாள் கல்பகம். 

"நான்ன மேட மீத உன்னாரு. வானலோ நில்ச்சுன்னாரு. பிலிச்சினா ராவட்லேது."

அப்பா மாடியில் இருக்கிறாராம். மழையில் நிற்கிறாராம். கூப்பிட்டாலும் வரவில்லையாம். அல்வாலில் பெய்கிற அதே மழை இங்கே ஜன்னல் கம்பியில் வழிந்தது.

"அம்மா?" என்றாள் கல்பகம் தெலுங்கில். இத்தனை வருஷம் இந்த ஊரில் பேசிய மொழி அவளுக்குத் திக்கியது.

"அம்ம இன்க்கா ஆபீஸ் நுஞ்சி ராலேது." அம்மா இன்னும் ஆபீசிலிருந்து வரவில்லையாம். குழந்தை கொஞ்சம் யோசித்தது. "மீரெவரு?"

நீங்கள் யார்.

கல்பகம் திரையைப் பார்த்தாள். வட்டத்துக்குள் அந்த முகம், ஒரு பக்கக் கன்னத்தில் அவள் பையன் திருப்பிப் போட்ட வெளிச்சம். கீழே பெயர் கேட்கிற கட்டம் இன்னும் காலியாக இருந்தது.

"மீரெவரண்டி?" என்று குழந்தை மறுபடியும் கேட்டது, இந்த முறை மரியாதையாக.